குடியிருப்பு வாரியாக எண்ணுங்கள்: கொங்கு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் பால்வாடி டீச்சர் என்று சொன்னால்தான் தெரியும். இப்போது சாயங்கால வேளைகளில் அக்கம்பக்கத்து வளவுகளில், அதாவது ஊரை விட்டுத் தனியே இருக்கும் பட்டியலினக் குடியிருப்புகளில், இருப்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுமாகப் பொழுது போகிறது. பணியில் இருந்தபோது பார்த்ததையும் இப்போது பார்ப்பதையும் வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். சத்துமாவு, முட்டை, ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, மகப்பேறு நிதி, மகளிர் உரிமைத்தொகை, சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, இவையெல்லாம் யார் கைக்குப் போய்ச் சேருகின்றன என்பதைக் குடியிருப்பு வாரியாக எண்ணுங்கள். எண்ணிய கணக்கைக் கிராம சபையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஊராட்சிக்கு மொத்தமாக ஒரு கணக்கு என்று இருக்கிற வரைக்கும், ஊருக்கும் வளவுக்கும் நடுவே இருக்கிற பள்ளம் உங்கள் மேசைக்கு வந்து சேராது.

நான் நன்றாக அறிந்த ஒரு ஊராட்சியைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஊரில் இருப்பதைவிட அருந்ததியர் வளவில்தான் அதிகம். பால்வாடிக் கட்டடம் இருப்பதோ ஊருக்குள், மாரியம்மன் கோயிலை ஒட்டி. வளவிலிருந்து வாய்க்கால் மேட்டில் நடந்து, தார் ரோட்டைத் தாண்டி, பெரிய வீதி வழியாக அங்கே போக வேண்டும். தாய்மார்கள் விடிந்ததும் தோட்டத்து வேலைக்கோ மில் வேனுக்கோ கிளம்பிவிடுவார்கள். பால்வாடி திறப்பது அதற்கு அப்புறம்தான். பிள்ளையைக் கூட்டிப் போக வீட்டில் மிச்சம் இருப்பது பாட்டி மட்டும். ஏன் அனுப்புவதில்லை என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "அந்த வீதி வழியாப் போனா எங்க போறேன்னு ஒருத்தராவது கேக்கறாங்க அம்மிணி. பையன் யாரு திண்ணையிலாவது ஏறிட்டான்னா அதுக்கு ஒரு பேச்சு. எதுக்குங்க வம்பு, ஊட்டுலயே கெடக்கட்டும்" என்றார்.

பதிவேட்டில் அந்தப் பையனின் பெயர் இருக்கிறது. அவன் தங்கைக்கு உரிய சத்துமாவுப் பாக்கெட்டை அம்மா வந்து வாசலில் நின்று வாங்கிப் போகிறார். மதியச் சோறும் முட்டையும் அவனுக்கு இல்லை. எடை பார்ப்பது இல்லை. பாட்டு, கதை, மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுவது எதுவும் இல்லை. ஆனால் வட்டாரத்துக்குப் போகிற மாதாந்திர அறிக்கையில் அந்த மையம் நல்ல மையம். பதிவு சரியாக இருக்கிறது, மாவு கொடுத்தது சரியாக இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகளின் வருகையால் சராசரியும் தேறிவிடுகிறது. யாரும் பொய் எழுதவில்லை. யாரும் அந்தப் பையனை வராதே என்று சொல்லவும் இல்லை. கட்டடம் நிற்கிற இடமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று, உணவு உரிமை வழக்கில், இதற்கு வழி காட்டியிருக்கிறது. புதிய அங்கன்வாடி மையங்களைத் திறக்கும்போது பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது அந்த உத்தரவு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றும் சொன்னது. ஊராட்சி என்று சொல்லவில்லை, குடியிருப்பு என்றே சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற எண் தனியாக யாரிடமும் இல்லாதபோது, அந்த உரிமையை எப்படிக் கேட்பது? கேட்கத் தெரிந்தவர்களும் அங்கே குறைவு. அதனால், ஏதாவது ஒரு மையத்துக்குப் புதுக் கட்டடம் அனுமதியாகும்போது, ஊருக்குள் இடம் தயாராக இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பழைய இடத்திலேயே கட்டிவிட வேண்டாம். வளவில் கட்டுங்கள். ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரட்டும். ஊர்க்காரர் வீட்டில் டூ வீலர் இருக்கும், கூட்டி வர ஆளும் இருக்கும். நடக்கிற தூரத்தை யாராவது ஏற்க வேண்டும் என்றால், முடிந்தவர்கள் ஏற்பதுதானே முறை?

அடுத்தது ரேஷன் அட்டை. நான் எழுதிக் கொடுக்கும் மனுக்களில் பாதி இது சம்பந்தமானதுதான். ஒரு தொகுப்பு வீடு. எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ அரசு கட்டிக் கொடுத்தது. ஒரே அறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. அதில் அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். மூத்த மருமகள் திண்ணை ஓரத்தில் தகரம் மறைத்து அடுப்பு வைத்திருக்கிறாள். இளையவளின் அடுப்பு பின்பக்கம், ஓலைச் சாய்ப்பின் கீழ். மாமியார் உள்ளே சமைக்கிறார். மூன்று அடுப்பு, மூன்று குடும்பம், ஆனால் ஒரே அட்டை. தனி அட்டை கேட்டு விண்ணப்பித்தால் விசாரணைக்கு வருகிறவர் தனிச் சமையலறை எங்கே என்று கேட்கிறார். தகர மறைப்பு சமையலறைக் கணக்கில் வராது. விண்ணப்பம் தள்ளுபடி.

இந்த ஒரு தள்ளுபடியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது அட்டைக்கு ஒரு பெண் என்று விதி. ஊருக்குள் அண்ணன் தம்பிகள் தனித்தனி வீடு கட்டி, தனித்தனி அட்டை வாங்கி இருக்கிறார்கள். நிலம், வருமானம், மின்சாரம் ஆகிய வரம்புகளுக்குள் வந்தால் அங்கே மூன்று பெண்களுக்கு மூன்று ஆயிரம். வளவில் அதே மூன்று பெண்களுக்குச் சேர்த்து ஓராயிரம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டுமனை இல்லாதவர்களுக்குத் தனி வீடு இல்லை, தனி வீடு இல்லாதவர்களுக்குத் தனி அட்டை இல்லை, தனி அட்டை இல்லாதவர்களுக்கு உதவித்தொகை இல்லை. இதன் ஆணிவேர் எங்கே என்று பார்த்தால், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் தோட்டத்துச் சாளையில் (குடிசையில்) குடியிருந்துவிட்டு, தன் பெயரில் ஒரு செண்டு மனைகூட இல்லாமல் வெளியே வந்த வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றின் விலையை ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் இவர்கள் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ரேஷன் கடைக்கும் இதே கதைதான். வளவுக்குப் பகுதி நேரக் கடை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அது திறக்கும் நாளில் வேலைக்குப் போனால் அரிசி போய்விடும், அரிசி வாங்க நின்றால் கூலி போய்விடும். குப்பை அள்ளியும் சாக்கடை தள்ளியும் சுண்ணாம்பில் வேலை செய்தும் ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல் திருப்பி அனுப்புவது தனிக் கொடுமை. கருவிழிப் பதிவுக் கருவிகளை முதலில் தூய்மைப் பணியாளர்கள் அதிகமாக இருக்கும் குடியிருப்புகளின் கடைகளுக்குக் கொடுங்கள் என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றிலும் நான் கவனித்தது ஒன்று உண்டு. மக்கள் எல்லோரும் ஒரே இடத்தில் விடுபடுவதில்லை. சிலருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. சிலர் விண்ணப்பிக்கும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள். சிலருக்கு விசாரணையில் போய்விடுகிறது. சிலருக்குப் பணம் அனுமதியாகியும் வங்கிக் கணக்கில் ஏதோ கோளாறு. அதனால் வெறும் பயனாளிகளின் எண்ணிக்கை போதாது. குடியிருப்பு வாரியாக, தகுதியுள்ளவர் எத்தனை பேர், விண்ணப்பித்தவர் எத்தனை பேர், தள்ளுபடி எத்தனை, என்ன காரணத்துக்காக, நிலுவை எத்தனை, எவ்வளவு காலமாக, கடைசியில் கையில் வாங்கியவர் எத்தனை பேர் என்று படிப்படியாக வேண்டும். எந்தப் படியில் வளவுக்காரர்கள் மட்டும் கூட்டமாக விழுகிறார்களோ, அந்தப் படியைத்தான் சரிசெய்ய வேண்டும். படி தெரியாமல் இன்னொரு விழிப்புணர்வு முகாம் போட்டால் பந்தல்காரருக்குத்தான் லாபம்.

சாதி வாரியாக, குடியிருப்பு வாரியாக எண்ணினால் சாதி இன்னும் கெட்டிப்படும் என்று நல்ல மனசோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மதிக்கும் அதிகாரி ஒருவரும் இதைச் சொன்னார். எண்ணாமல் விட்டதால் எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியும் கரைந்துபோகவில்லை. எண்ணியதால் நடந்த நல்லதுக்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. பட்டியலினம் என்று மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும், அதற்குள் அருந்ததியர் எவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியவில்லை. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழு அதைத் தனியாகப் பார்த்த பிறகுதான் 2009-இல் பட்டியலினத்தவருக்கான 18 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. அப்படி உள்ளே பிரித்துத் தருவது சரிதான் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு சொன்னது. அந்தச் சட்டத்தால் இன்று எங்கள் மாவட்டங்களில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளை நான் நேரிலேயே பார்க்கிறேன். சின்ன வயதில் என் பால்வாடியில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களில் உண்டு.

வெளிநாட்டுச் சாட்சியும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசு பராமரிக்கும் பிள்ளைகளின் கணக்கை இன வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் மொத்தத்தில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 சதவீதம், அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளிலோ 20 சதவீதத்துக்கும் மேல். புகார் வருவதிலா, விசாரணையிலா, பிரிப்பதிலா, வித்தியாசம் எங்கே பெரிதாகிறது என்று அங்கே வாதாட முடிகிறது என்றால், கையில் கணக்கு இருப்பதால்தான். செவ்விந்தியப் பழங்குடிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 பேர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்று எழுபதுகளில் ஆய்வுகள் எண்ணிச் சொன்ன பிறகே 1978-இல் அவர்களைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாத குறையை யாரும் குறையாகவே ஏற்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

நம்மிடம் இருக்கிற கணக்குகள் இந்த வேலைக்குப் போதவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமத்துக்குக் கிராமம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று சொல்கிறது. கிராமத்துக்குள் எந்தக் குடியிருப்பில் எத்தனை பேர் என்று சொல்வதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கை பிள்ளைகளின் உயரம், எடை, இரத்தசோகை எல்லாம் தருகிறது, மாவட்ட அளவில் சாதி வாரியாகத் தருவதில்லை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாக 2019-21 ஆய்வு சொல்கிறது. அந்த நான்காவது பிள்ளை உங்கள் மாவட்டத்தில் எந்த வீதியில் இருக்கிறது என்பது தெரிந்தால்தானே முட்டை அங்கே போகும்? அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவோம் என்று ஒன்றிய அரசு 2025-இல் அறிவித்தது. அது வந்தாலும் யார் எத்தனை பேர் என்றுதான் தெரியும், யார் கைக்கு எது போனது என்று தெரியாது. அது உங்கள் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

கணக்கோடு கூட ஆட்சியரின் நிலைப்பாடும் வேண்டும். 2018-இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தார்கள். உடனே நிர்வாகம் செய்தது என்ன? சமைக்க வந்தவரை வேறு பள்ளிக்கு மாற்றியது. போராட்டம் நடந்த பிறகுதான் அந்த மாறுதல் ரத்தானது. 2023-இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்துக்கும் இதே எதிர்ப்பு வந்தது. அங்கே ஆட்சியர் நேரில் போனார், பெற்றோரிடம் பேசினார், அந்தப் பெண் சமைத்ததை அங்கேயே சாப்பிட்டார். இரண்டும் நம் கொங்கு மண்ணில் நடந்தவைதான். எதிர்ப்பு வரும்போது யாரை நகர்த்துகிறோம் என்பதைப் பார்த்துத்தான் கீழே இருக்கிற ஒவ்வொரு பணியாளரும் பாடம் கற்றுக்கொள்கிறார். சத்துணவுச் சமையல் பணி நியமனத்தில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் 20 உத்தரவு. உங்கள் மாவட்டத்தில் எந்தப் பள்ளியில், எந்தப் பால்வாடியில் யார் சமைக்கிறார்கள் என்பதையும் அந்தக் கிராம சபைத் தாளில் ஒரு வரியாகச் சேருங்கள்.

சொன்னதைக் கேட்காமல் விட்டால் எது வரைக்கும் போகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் நடூரைத் தவிர வேறு உதாரணம் வேண்டாம். 2019 டிசம்பர் 2 அதிகாலை மதில் சுவர் இடிந்து 17 பேர் வீட்டுக்குள்ளேயே செத்தார்கள், எல்லோரும் பட்டியலினத்தவர். அந்தச் சுவரால் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தோம் என்று அங்கிருந்தவர்கள் அழுதார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எந்தக் குடியிருப்பிலிருந்து வந்த மனு எத்தனை நாள் கிடக்கிறது என்று ஒரு கணக்கு இருந்தால், அடுத்த நடூரை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

மலைக்குப் போனால் பிரச்சினை வேறு மாதிரி. ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் மலையாளி இன மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இல்லை. எல்லை தாண்டி சேலம் மாவட்டத்தில் இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அக்கா சேலம் பக்கத்து மலையில், தங்கை ஈரோடு பக்கத்து மலையில் வாழ்க்கைப்பட்டால் அக்கா பிள்ளைக்குப் பழங்குடிச் சலுகை உண்டு, தங்கை பிள்ளைக்குக் கிடையாது. வன உரிமைச் சட்டத்திலும் இவர்கள் 75 ஆண்டு அங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டிய பிரிவில் போய் விழுகிறார்கள். பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதுவரைக்கும் அந்த மலைக் கிராமங்களில் எத்தனை பிள்ளைகள் சான்றிதழ் இல்லாமல் பத்தாம் வகுப்போடு நின்றார்கள் என்ற எண்ணை ஈரோடு ஆட்சியர் எண்ணி மேலே அனுப்பலாம். பட்டியலில் இருக்கிற இருளர், மலசர் பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, கூலியை விட்டு வருகிறவர்களை மறுபடி வாருங்கள் என்று அனுப்புவதற்குப் பதிலாக, கோட்டாட்சியரே பள்ளி திறக்கும் முன் மலைக்குப் போய் அங்கேயே விசாரித்துக் கையெழுத்துப் போடலாம்.

திருப்பூர், பல்லடம் பக்கம் லைன் வீடுகளில் இருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் பிள்ளைகளைப் பால்வாடியில் சேர்க்க இந்த ஊர் முகவரி ஆதாரில் இருக்க வேண்டியதில்லை. குடியிருக்கிற இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அது அவர்களுக்குத் தெரியாது. கணக்கெடுப்புக்குப் போகும் எங்கள் ஆட்களில் சிலர் பாஷை புரியாததால் அந்த வீட்டுக் கதவைத் தட்டாமல் தாண்டிப் போவதும் உண்டு. லைன் வீட்டு வரிசையையும் ஒரு குடியிருப்பாக எழுதிவிட்டால், பூஜ்ஜியம் என்ற எண் அங்கே பளிச்சென்று தெரியும். அப்புறம் யாரும் தாண்டிப் போக முடியாது.

ஒன்று மட்டும் பணியாளர்கள் சார்பில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கை இன்னொரு செயலியாக ஆக்கிப் பால்வாடி டீச்சர் தலையில் கட்டாதீர்கள். ஏற்கெனவே செல்போனில் பதிவேற்றுவதிலேயே பாதி நாள் போகிறது, காலிப் பணியிடங்களால் ஒருவரே இரண்டு மையம் பார்க்கிறார்கள். தேவையான விவரமெல்லாம் பதிவேடுகளில் இருக்கிறது. குடியிருப்பின் பெயர் என்று ஒரு கட்டம் சேர்த்து, வட்டார அலுவலகத்தில் தொகுத்தால் போதும். தாளில் யார் பெயரும் வேண்டாம், எண் போதும். நாலைந்து வீடே உள்ள குடியிருப்பை அடுத்ததோடு சேர்த்துக் காட்டுங்கள், இன்னார் வீடு என்று தெரிந்துவிடக் கூடாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்று 2024-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. அந்த நிதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் இந்தத் தாள்தான் உதவும்.

ஆறு மாவட்டத்திலும் ஒரேயடியாகத் தொடங்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம் எடுத்துக்கொள்ளுங்கள். பால்வாடி, ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை இந்த மூன்றோடு தொடங்குங்கள். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் முதல் தாளை ஒட்டுங்கள், நவம்பர் 1 கிராம சபையில் அதைப் பற்றி வளவுக்காரர்கள் எழுந்து பேச நேரம் கொடுங்கள். எங்கள் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், குடியிருப்புப் பட்டியல் எழுதி வீடு வீடாகச் சரிபார்க்க ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்கள் சிலர் சம்பளம் இல்லாமல் வருகிறோம். எந்த வளவுக்கு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்